புதுப்பிப்பு: துருப்பிடித்த அந்தத் தோசைக்கல்

அப்பாயி வீட்டுப் பரணில் கிடந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல், முழுக்கத் துரு, எடைக்குப் போட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் போடச் சொன்னீர்கள். ஒருவர் மட்டும் "தட்டிப் பாருங்கள்" என்றார்.

தட்டினேன். கணீரென்றது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். சரி, இது பிழைக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் புளித்த வடிகஞ்சியில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். துருவுக்குக் கீழே அவ்வளவு வழவழப்பு! அப்பாயி எத்தனை வருடம் வார்த்த கல். ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட்டேன். இப்படி ஐந்து முறை.

முதல் இரண்டு தோசைகள் ஒட்டின. அப்புறம் வெங்காயத்தை வெட்டித் தேய்த்ததும் மூன்றாவதன் ஓரம் தானாக எழும்பியது. அதை அப்பாயிக்குத்தான் வைத்தேன்.