டாக் ஏணி அருகே காலைக் கடிக்கும் மீன்: உதவி வேண்டும்

கரையோரம்:
வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏரிக்கரை வீடு ஒன்றில் தங்கியிருக்கிறோம். டாக்கிலிருந்து (ஏரிக்குள் நீளும் மேடை) தண்ணீருக்குள் இறங்கும் ஏணிக்குப் பக்கத்தில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு மீன் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழங்கை நீளம் இருக்கும். யார் இறங்கினாலும் நேராகப் பாய்ந்து வந்து காலில் முட்டுகிறது. நேற்று என் மகனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. தோல் சிராய்த்து லேசாக ரத்தம் வந்தது. எட்டு வயதுப் பையன், இப்போது தண்ணீர்ப் பக்கம் வரவே பயப்படுகிறான்.

மீனுக்கு ஏதாவது நோயா? வெறி பிடித்த மாதிரி நடந்துகொள்கிறதே. காயத்துக்கு ஊசி போட வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூண்டில் போட்டுப் பிடித்து எதிர்க்கரையில் விட்டுவிடச் சொல்கிறார். செய்யலாமா?

துடுப்பு:
முதலில் பயத்தை விடுங்கள் அக்கா. வெறிநோய் பாலூட்டிகளுக்கு வருவது. மீனுக்கு வராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கூடு காக்கும் ஆண் பாஸ் மீன் போலத் தெரிகிறது. தண்ணீர் அசையாமல் இருக்கும் காலை நேரத்தில் டாக் மேல் படுத்து, ஏணிக்கடியில் எட்டிப் பாருங்கள். சுற்றிலும் பாசியும் சேறுமாக இருக்க, நடுவில் மட்டும் பெருக்கித் துடைத்தது போல வெளிறிய வட்டம் ஒன்று தெரிகிறதா? தெரிந்தால் அதுதான் கூடு. மீனின் நிறம், கோடுகள், கண் எல்லாம் எப்படி இருக்கின்றன என்றும் எழுதுங்கள்.

தூண்டில்பிரியன்:
பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது நல்ல யோசனைதான். கூட்டில் இருக்கும் பாஸ் எதைப் போட்டாலும் கவ்வும். வாளியில் போட்டு எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் விட்டால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது. கொல்லப் போவதில்லையே, உயிரோடுதானே விடப் போகிறோம்.

நீரடி:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மீன் உயிரோடு இருக்கும், குஞ்சுகள் இருக்காது.

பாஸ் இனத்தில் முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் மட்டும்தான். தண்ணீரின் சூடு 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் கரையோரம் வந்து, வாலால் வீசி வீசி அடியிலுள்ள சேற்றை விலக்கி, சரளையும் மணலும் தெரிகிற அளவுக்கு ஒரு வட்டக் குழி அமைக்கும். பெண் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் எல்லாம் தகப்பன் பொறுப்பு. துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்து முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் கொடுக்கும், சேறு படியாமல் பார்த்துக்கொள்ளும், நெருங்குகிற எதையும் துரத்தும். இத்தனை வாரமும் அது சரியாக இரை எடுப்பதே இல்லை. உடம்பில் சேர்ந்திருப்பதை வைத்தே காலம் தள்ளுகிறது.

தூண்டிலைக் கவ்வுவதும் பசியால் அல்ல. கூட்டுக்குள் வந்த ஒன்றை வாயால் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் இந்தச் சமயத்தில் அவ்வளவு சுலபமாக மாட்டுகிறது. அதைத் தூக்கிய உடனே பக்கத்தில் காத்திருக்கும் புளூகில், பெர்ச், ராக் பாஸ் போன்ற சிறு மீன்கள் எல்லாம் கூட்டுக்குள் புகுந்துவிடும். பெரிய ஏரிகளில் இப்போது உருண்டை கோபி என்ற வெளிநாட்டு மீனும் சேர்ந்துவிட்டது. அடியிலேயே ஒட்டிக் கிடந்து முட்டையைத் தின்னும். தகப்பன் திரும்பி வரும்போது நிறைய முட்டை போயிருக்கும். களைத்து வருகிற மீன் முன்பு போலக் காவல் காப்பதில்லை. மிஞ்சியது கொஞ்சம்தான் என்று ஆகிவிட்டால் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். எதிர்க்கரையில் விட்டால் கேட்கவே வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. ஒன்டாரியோவின் தென்பகுதி ஏரிகளில் பாஸ் பிடிக்கும் பருவம் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். கூடு காக்கும் காலத்துக்காகவே அந்தத் தடை. பருவம் மூடியிருக்கும்போது பிடித்து உடனே விட்டுவிடுவேன் என்று தூண்டில் போடுவதும் அங்கே குற்றம்தான். எந்தத் தேதி என்பது மண்டலத்துக்கு மண்டலம் மாறும். அந்த ஆண்டுக்கான மாகாண விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூண்டில்பிரியன்:
உடனே விட்டாலும் முட்டை போய்விடும் என்பது தெரியாது. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. மீன் மீனைத் துரத்துவது புரிகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய மனிதனை எதற்கு எதிர்க்க வேண்டும்?

நீரடி:
நல்ல கேள்வி. விரால் வளர்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் என்ன விழுந்தாலும் தாய் தகப்பன் இரண்டும் பாயும். பாஸும் அதே குணம்தான். அதன் கண்ணுக்கு முழு மனிதன் தெரிவதில்லை. கூட்டை நோக்கி வருகிற இரண்டு கால்கள்தான் தெரிகின்றன. முதலில் முன்னே பாய்ந்து செவுளை விரித்துக் காட்டித் திரும்பிவிடும். அப்படியும் கால் அங்கேயே நின்றால் முட்டும், கடைசியாகத்தான் கடிக்கும்.

எல்லா நாளும் ஒரே அளவு மூர்க்கம் இருக்காது. முட்டையிட்ட புதிதில் குறைவு. குஞ்சு பொரிந்து வளர வளரக் கூடும். குஞ்சுகள் கூட்டிலிருந்து மேலெழும் சமயம்தான் உச்சம். அவ்வளவு நாள் காத்து வளர்த்ததை இழந்தால் அந்தப் பருவத்தில் மறுபடி தொடங்க நேரம் இருக்காதல்லவா? கூட்டில் குஞ்சு அதிகமாக இருந்தால் காவலும் கடுமையாக இருக்கும். உங்கள் ஏணிக்கடியில் இருப்பது நல்ல தகப்பன் என்றுதான் சொல்வேன்.

கரையோரம்:
காலையில் பார்த்தேன். வட்டம் இருக்கிறது! ஏணியின் கடைசிப் படிக்கு நேர் கீழே, டாக் தூணை ஒட்டினாற்போல. அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீன் பழுப்பு நிறம், உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டைகள், கண் சிவப்பு. வட்டத்துக்கு மேலே மிளகு தூவியது போலக் கறுப்பாக ஏதோ கூட்டமாக அசைகிறது. அதுதான் குஞ்சா?

நீரடி:
அதுவேதான். மேலிருந்து கீழாகப் பட்டை, சிவந்த கண், பழுப்பு உடம்பு என்றால் சிறுவாய் பாஸ். பெருவாய் பாஸ் பச்சையாக, பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஒரே கருங்கோட்டோடு இருக்கும். சிறுவாய் பாஸின் குஞ்சுகள் கூட்டிலிருந்து எழும்போது கன்னங்கரேலென்று இருக்கும். ஆக, நீங்கள் பார்ப்பது உச்சக்கட்டம்.

தூணை ஒட்டி ஏன் என்றால், ஒரு பக்கம் மறைப்பு இருந்தால் காவல் காக்க வேண்டிய திசை குறையும். பாறை, விழுந்த மரம், டாக் தூண் எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

இனி குஞ்சுகள் மெல்லப் பரவி இரை தேடத் தொடங்கும். கூட்டம் நகர நகரத் தகப்பனும் கூடவே நகரும். ஓரிடத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருக்காது. முட்டையிட்டதிலிருந்து காவல் முடியும் வரை கூட்டினால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் இழுக்கும். உங்களுக்குப் பாதிக்கு மேல் கடந்துவிட்டது.

துடுப்பு:
அதுவரை அந்த ஏணியைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள். டாக்கின் நுனியில் ஆழம் இருந்தால், அந்தப் பக்கமாக இறங்கி ஏறலாம். சில மீட்டர் தள்ளிப் போனாலே அது கண்டுகொள்ளாது. தண்ணீருக்குள் போடும் காலணியும் நீளக் காற்சட்டையும் பையனுக்குப் போட்டுவிட்டால் மோதினாலும் சிராய்க்காது. அந்த இடத்தில் படகு மோட்டாரை ஓட்டாதீர்கள், சேறு கிளம்பிக் குஞ்சுகள் சிதறும். கல் எறிந்து விரட்டவும் வேண்டாம், அது ஓடாது.

காயத்தைப் பற்றி: பாஸ் வாயில் கூரிய கோரைப்பல் கிடையாது. உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பொடிப் பற்கள்தான். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவினால் போதும். டெட்டனஸ் ஊசி காலத்தோடு போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏரித் தண்ணீரில் கிருமிகள் உண்டு. ஆழமாகக் குத்திக் கிழித்திருந்தால் அது பாஸ் வேலையே இல்லை. மஸ்கி போன்ற பல்லுள்ள மீனாக இருக்கலாம், அப்போது காத்திருக்கக் கூடாது.

நாணல்:
இடையில் நுழைகிறேன். எங்கள் டாக்கில் உள்ளங்கை அளவு மீன்கள் கூட்டமாக வந்து காலைக் கொத்துகின்றன. கூடுகளும் ஒன்றையொன்று ஒட்டிப் பல வட்டங்களாக இருக்கின்றன. இவையும் பாஸா?

நீரடி:
இல்லை, அவை புளூகில் அல்லது பம்ப்கின்சீட் என்னும் சூரிய மீன்கள். பாஸ் தனிக்கூடு, இவை கூட்டுக்குடியிருப்பு. இவற்றிலும் ஆண்தான் காவல். பாஸ் முடித்த பிறகும் கோடை முழுக்க இவை திரும்பத் திரும்ப முட்டையிடும். கூடு இல்லாத இடத்திலும் மச்சம், சிரங்குப் பொருக்கு ஆகியவற்றை இரையென்று நினைத்துக் கொத்தும். கிள்ளுவது போல இருக்கும், காயம் ஆகாது.

கரையோரம்:
ஏணியை மூடிவிட்டோம். நுனியில் இறங்கியபோது மீன் வரவில்லை. பையனுக்கு டாக் மேல் படுத்துக் குஞ்சுகளைப் பார்ப்பதுதான் இப்போது வேலை. புளூகில் ஒன்று நெருங்கியதைத் தகப்பன் துரத்தியதைப் பார்த்துக் கைதட்டினான். அடுத்த வருடமும் இதே இடத்துக்கு வருமா? இப்போதே ஏதாவது செய்து வைக்கலாமா?

நீரடி:
வர வாய்ப்பு அதிகம். சிறுவாய் பாஸ் பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கூட்டுக்கு அருகிலேயே மறுபடி கூடு அமைக்கும். ஏரியின் அடியைக் கிளறுவதோ கல் கொட்டுவதோ வேண்டாம். அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத வேலை அது, மற்ற மீன்களின் கூடும் கெடும். கழற்றி மாட்டும் ஏணிதான் என்றால், வசந்தத்தில் தண்ணீர் 15 பாகையைத் தொடும் முன்பே அதை நுனிப்பக்கம் மாற்றி மாட்டிவிடுங்கள். ஜூலை நடுவில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், அதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு.