சூரனைப் பார்க்கத்தான் போனேன்

முதல் பதிவு

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கந்த சஷ்டி ஆறாம் நாள். திருச்செந்தூர்க் கடற்கரையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் அரோகரா சத்தம். எல்லோரும் முருகனைப் பார்த்துக் கும்பிட, என் கண் மட்டும் எதிர்ப்பக்கமே நின்றது.

முதலில் சூரன் யானைத் தலையோடு வந்தான். வேல் பட்டது. தலையைக் கழற்றிச் சிங்கத் தலையை மாட்டினார்கள். தூக்கி வந்தவர்கள் ஆட்டிய ஆட்டத்தில் அதற்கு நிஜமாகவே உயிர் வந்துவிட்டது போல இருந்தது. நான் அழுதுவிட்டேன். “ஏல, பயமா இருந்தா வீட்டுக்குப் போயிருவோமா?” என்றார் அப்பா. “வேண்டாம்ப்பா, அடுத்த தலையப் பாத்துட்டுப் போவோம்” என்றேன்.

அடுத்து வந்தது சூரபத்மனின் சொந்த முகம். யானையையும் சிங்கத்தையும் விட அதற்குத்தான் அதிகம் பயந்தேன், மனுச முகம் என்பதால். கடைசியில் அவன் மாமரமாக நிற்க, வேல் அதைப் பிளந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சூரன் சாகவில்லை, மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனிடமே இருக்கிறான் என்று அம்மா கதையை முடித்தபோதுதான் மனசு ஆறியது. ஒன்று வாகனம், ஒன்று கொடி. அவன் அழிந்து போயிருந்தால் அந்த வயதில் எனக்குத் தாங்கியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். இவ்வளவு பயந்த ஒன்றின் மேல் எப்படி இத்தனை பாசம் வந்தது? உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி: இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்

எனக்கு அமுக்குவான். நைட் டியூட்டி முடிந்து பகலில் மல்லாந்து படுத்திருந்தேன். கண் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கத்த முடியவில்லை, விரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஆச்சி கேட்டுவிட்டுத் தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்தாள்.

காரணத்தை அப்புறம் படித்தேன். கனவு வரும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது, கனவில் ஓடினால் நிஜத்தில் எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக. சில நேரம் அந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிடும். ஜப்பானில் இதைக் கனாசிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழச் சூனியக்காரி வந்து உட்காருகிறாள்.

ஹென்றி ஃபூசெலி 1781இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. தூங்கும் பெண்ணின் மார்பில் குட்டிச்சாத்தான் போல ஒன்று குந்தியிருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் மேல் உட்கார்ந்ததை 200 வருடங்களுக்கு முன்பே ஒருவர் வரைந்து வைத்திருக்கிறாரே! விளக்கம் எல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் படத்தை மாதம் ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்கிறேன். இரும்புத் துண்டும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

மறுமொழி: சூரன் தூக்குகிறவன்

முதல் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் சூரனைத் தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். பொம்மைக்குப் பின்னால் நின்று தலை மாற்றுவதும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகளின் முகம்தான் தெரியும். அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்திருக்கும், ஆனால் ஒரு கண் மட்டும் வெளியே இருக்கும். தலை மாறும் அந்தக் கொஞ்ச நேரம் தலையில்லாமல் சூரன் நிற்கும்போது ஒரு பிள்ளைகூடச் சத்தம் போடாது.

போன வருடம் எல்லாம் முடிந்து பொம்மையைக் கோயில் கொட்டகையில் இறக்கி வைத்தோம். சின்னப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்துவிட்டான். மத்தியானம் முழுக்க அழுத பையன். “அண்ணே, பல்லத் தொட்டுப் பாக்கட்டா?” என்று கேட்டான். தூக்கிக் காட்டினேன். சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டான். எடுக்கச் சொல்லியும் ரொம்ப நேரம் எடுக்கவில்லை.