புதுப்பிப்பு: ரொட் ஒட்டுறது நிண்டுட்டு, இப்ப ஓட்டை விழுது

ஆரையம்பதியில வீட்டு முற்றத்தில வெல்டிங் பழகுறன், ரொட் (வெல்டிங் குச்சி) தொட்டதும் இரும்போட ஒட்டிக்கொள்ளுது, மெஷின் பழுதா எண்டு முன்னம் கேட்டிருந்தன். மெஷின் நல்லாத்தான் இருக்கு.

2.5 மில்லிமீற்றர் 6013 வகை ரொட்டுக்கு 60 அம்பியர் காணாமல் இருந்திருக்கு. 80க்கு ஏத்தி, நெருப்புக்குச்சி மாதிரி உரசித் தொடங்கினா ஆர்க் (ரொட் நுனியில எரியிற மின்பொறி) அணையாமல் நிக்குது. மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் வயரையும் மாத்தியாச்சு; அதில வோல்டேஜ் இறங்கினா என்ன செய்தும் பிரயோசனமில்ல. வாவிக் காத்தில ரொட் பூச்சு ஈரம் இழுக்கும் எண்டு சொன்ன அண்ணருக்கு நன்றி, இப்ப இறுக்கமா மூடுற டப்பாவில வச்சிருக்கன்.

நாகம் பூசின பழைய பைப்பில பழகச் சொன்ன தம்பி, அது சரிவராது. அந்தப் புகை காய்ச்சலும் குளிருமா ஆளைப் படுக்க வைக்கும்.

இப்ப கோழிக்கூட்டுக்கு 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்). ஓட்டை விழுது. 2 மில்லிமீற்றர் ரொட்டால, 50 அம்பியருக்குக் கிட்ட, புள்ளி புள்ளியா வைக்கிறன். பார்க்க வடிவில்ல, ஆனா சுத்தியலால அடிச்சும் கழரல்ல. கோழி குறை சொல்லாது.

சூட்டில மூலை இழுபட்டு வளையுது. முதல்ல நாலு மூலையையும் டாக் (சின்னப் பொட்டு வெல்ட்) போட்டா வளையாமல் நிக்குமா, இல்லாட்டி கிளாம்ப் கட்டாயமா?