சுற்றறிக்கையும் பாடக் குறிப்பும் பார்வையற்ற மாணவிக்கு எட்டவில்லை: எதிலிருந்து தொடங்குவது?

திருவல்லிக்கேணி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னைக் கல்லூரி ஒன்றின் தமிழ்த் துறையில் பணியாற்றுகிறேன். இந்த ஆண்டு எங்கள் முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் துணையோடு அவர் என்னைவிட விரைவாக வேலை செய்கிறார். ஆனால் கல்லூரியிலிருந்து அவருக்குப் போய்ச் சேர்பவற்றில் பாதிக்கு மேல் அவரால் படிக்க முடிவதில்லை.

சென்ற மாதம் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று இரண்டு நாள் முன்னதாக மாற்றப்பட்டது. அலுவலகத்தில் சுற்றறிக்கையைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்கள். அவருடைய கைப்பேசி அதைப் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. வழக்கம்போல் வகுப்புக்கு வந்தவர், தேர்வறை வாசலில்தான் செய்தியை அறிந்தார். நான் அந்தக் குழுவில் இருந்தேன், அந்தப் படத்தையும் பார்த்தேன். அவருக்கு அது கேட்காது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இப்போது நிர்வாகம் மூவர் குழு ஒன்றை அமைத்து, வளாகத்தின் மின்னணுச் சேவைகள் எல்லா மாணவருக்கும் எட்டுவதற்கான வழிகளை ஒரு மாதத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. பிரெய்ல் அச்சுப்பொறி வாங்கலாம், நூலகத்தில் தனி அறை ஒதுக்கலாம் என்ற பேச்சு நடக்கிறது. எதை முதலில் செய்யச் சொல்வது? இன்னொன்று, நூலகப் புத்தகங்களை அவருக்காக ஸ்கேன் செய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று எங்கள் நூலகர் தயங்குகிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். 

கூர்செவி எழுதியது:

வணக்கம் அம்மா. நானும் பார்வை மாற்றுத்திறனாளிதான். தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அச்சுப்பொறியும் தனி அறையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவை இரண்டாவது. நாள்தோறும் அலுவலகத்திலிருந்தும் துறையிலிருந்தும் வெளியேறும் கோப்புகள் சரியாக இருந்தால், உங்கள் மாணவி தம் வீட்டில், தம் கைப்பேசியில், மற்றவர்கள் படிக்கும் அதே நேரத்தில் படித்துக்கொள்வார். அது நடக்காதவரை தனி அறையில் போய் உட்கார்ந்தாலும் கையில் கிடைப்பது அதே படம்தான்.

சுற்றறிக்கைக்கு வழி எளியது. அடித்த கோப்பு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. கையொப்பமிட்ட தாள் கோப்புக்கட்டில் இருக்கட்டும்; குழுவுக்கு அனுப்பும் செய்தியில் அதே வாசகத்தை எழுத்தாக ஒட்டி, அடியில் "ஒப்பம், முதல்வர்" என்று இட்டு அனுப்பினால் போதும். கூடவே படத்தையும் அனுப்ப விரும்பினால் தடையில்லை.

தமிழ்த் துறைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அதைப் பார்வையுள்ளவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக் குறிப்பு உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பாமினியில் "அம்மா" என்று அடித்தால், உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். என் முதல் பருவத்தில் ஓர் ஆசிரியர் மிகுந்த அன்போடு நாற்பது பக்கக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பினார். அரை மணி நேரம் எம், கே, எச் என்று கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் அது சிலப்பதிகாரம் என்பதே எனக்குத் தெரிந்தது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடைத் தர நிலையாக ஏற்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் துறைகளில் பழைய எழுத்துருக் கோப்புகள் புழங்குவது எங்களுக்குப் பெரும் சுமை.

தட்டச்சருக்குப் பழகிய விசைப்பலகை மாறிவிடுமே என்ற அச்சம் வேண்டாம். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசச் செயலிகளில் பழைய தட்டச்சு முறையிலோ பாமினி முறையிலோ விரல் பழகியபடியே அடித்து யூனிகோடாகப் பெறலாம். பழைய கோப்புகளை மாற்றுவதற்கும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அடிக்கடி சிதையும். வேர்டில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல், தலைப்புப் பாணியை (ஹெடிங் ஸ்டைல்) கொடுத்துவிட்டு, பிடிஎஃப் ஆக்கும்போது அச்சிடும் வழியில் போகாமல் "சேமி" வழியில் போகச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒரு விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் ஐந்தாம் அலகைத் தேட முதல் அலகிலிருந்து முழுவதையும் கேட்க வேண்டியிருக்கும்.

நூலகரின் தயக்கத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ பயன்படுத்த ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் ஆக்கித் தருவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இலாப நோக்கம் கூடாது; அந்தப் பிரதி வேறு பயனுக்குப் போகவும் கூடாது. இதே நோக்கில் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில், 2014ஆம் ஆண்டு, ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. எனவே அவர் அச்சமின்றி ஸ்கேன் செய்யலாம். ஆனால் ஸ்கேன் செய்ததோடு நிறுத்தினால் அதுவும் வெறும் படம்தான்; படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் இட்டு, பிழை திருத்திக் கொடுக்க வேண்டும். ஒரு நூலுக்கு நான்கு மாணவர்கள் என்று பகிர்ந்துகொண்டால் ஒரு வாரத்தில் ஒரு பாடநூல் முடியும். 

தரமணி நிரலர் எழுதியது:

கூர்செவி அவர்கள் சொன்ன அனைத்தும் சரி. முன்னுரிமையில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். பல கல்லூரிகளுக்கு மாணவர் போர்ட்டல் அமைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தட்டச்சரின் நல்ல மனத்தை மட்டும் நம்பினால், அவர் இடமாற்றம் ஆகும் நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். போர்ட்டலுக்கான ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அந்தத் தருணத்தைத் தவறவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வரை உங்கள் மாணவி ஹால் டிக்கெட்டுக்காக யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும். ஆகவே ஒப்பந்த விதிகளில் மின்னணுச் சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐஎஸ் 17802 தரத்துக்கு இணங்க வேண்டும் என்ற வரியும், மாற்றுத்திறனாளி மாணவர்கள் பயன்படுத்திப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கடைசித் தவணை வழங்கப்படும் என்ற வரியும் இப்போதே இடம்பெறட்டும். இரண்டாவது வரிதான் உண்மையில் வேலை செய்யும்.

சோதிப்பதற்கு நிபுணர் தேவையில்லை. மவுஸைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு உள்நுழைந்து, தேர்வுக் கட்டணம் செலுத்தி, ஹால் டிக்கெட்டை இறக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறீர்களோ அந்த இடத்தில் அவரும் சிக்குகிறார். நீங்கள் எளிதில் தாண்டினாலும் அவர் சிக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: கோணலான எழுத்துகளைப் படித்து இடச் சொல்லும் கேப்ட்சா, பெயரிடப்படாத கட்டங்கள், சில நிமிடங்களில் தானாக வெளியேற்றிவிடும் நேர வரம்பு. பெயரிடாத கட்டத்தில் திரைவாசிப்பான் "திருத்து பெட்டி" என்று மட்டும் சொல்லும். பதிவெண்ணா பிறந்த தேதியா என்று எப்படி அறிவது? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறை பார்வை உள்ளவர்களுக்கும், வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் அது உதவும். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்களை ஓரத்தில் ஒட்டிவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். அந்தப் பொத்தான்கள் மேற்சொன்ன மூன்றில் ஒன்றையும் தீர்க்காது.

அறிக்கையில் சட்ட அடிப்படையைக் குறிப்பிட்டால் நிதிக்குழுவில் எடுபடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருப்பதை 42ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது. 

மயிலை அன்னை எழுதியது:

என் மகன் காது கேளாதவர், வணிகவியல் படிக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடப்பதைப் பலர் அறிவீர்கள். ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. உங்கள் அறிக்கையில் பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளுக்கு எழுத்து வரிகள் (சப்டைட்டில்) வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். கணினி தானாக இடும் வரிகளை ஆசிரியர் ஒருமுறை திருத்த வேண்டும். "கடன்" என்பது "கடல்" என்று வந்தால் கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். வரியை மட்டும் நம்பியிருக்கும் என் மகன் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்.

திருவல்லிக்கேணி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மயிலை அன்னை அவர்களே, உங்கள் வரியை அப்படியே சேர்க்கிறேன். நேற்று மாலை மவுஸைக் கழற்றிவிட்டு எங்கள் போர்ட்டலில் நுழைய முயன்றேன். கேப்ட்சாவைத் தாண்டினாலும் கட்டணப் பக்கத்தின் பொத்தானுக்கு டேப் விசை போகவே இல்லை. அதைக் காணொளியாகப் பதிவு செய்து குழுவின் மற்ற இருவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

யாப்பிலக்கணக் குறிப்பை மாற்றும்போது ஓர் ஐயம் எழுந்தது. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்ற அடியை அலகிட்டு, சீருக்குக் கீழே அசையும் அசைக்குக் கீழே வாய்பாடும் வருமாறு இடைவெளி விட்டு அடுக்கியிருந்தேன். மாணவியிடம் கேட்டபோது, நான்கு சீர்களையும் ஒன்றாகப் படித்துவிட்டு, பிறகு நிரை நேர் நிரை நேர் என்று தொடர்ச்சியாகக் கேட்கிறது, எது எந்தச் சீருக்கு உரியது என்று பிரிக்க முடியவில்லை என்றார். இதை எப்படி அமைப்பது?

கூர்செவி எழுதியது:

இடைவெளி விட்டு அடுக்குவதைக் கைவிட்டு, வேர்டில் உண்மையான அட்டவணையாகச் செருகுங்கள் அம்மா. சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்). முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறித்துவிடுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு கட்டமாக நகரலாம். பத்தி மாறும்போது தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். "எழுத்தெல்லாம்", பிறகு "அசை, நிரை நேர் நேர்", பிறகு "வாய்பாடு, புளிமாங்காய்" என்று அவருக்குக் கேட்கும். கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். வெற்றுக் கட்டமும் விடாதீர்கள்.

கைப்பேசியில் படிப்பவர் என்றால் அட்டவணையைவிட, சீருக்கு ஒரு வரியாக எழுதுவதே நல்லது: "ஆதி: நேர் நேர், தேமா." இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்து, எது வசதி என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து மற்ற அலகுகளைத் தொடரலாம்.