கார்கோ டிரெய்லர் கேம்பர்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பொங்கோல், திங்கள் இரவு 11.40

சிங்கப்பூர்த் தமிழ்க் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசனவரி எழுதுகிறேன். ஆறு பகுதி. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.

கதை சின்னது. ஒரு தம்பதி பழைய கார்கோ டிரெய்லர் ஒன்றை வாங்குகிறார்கள். 6 அடி அகலம், 12 அடி நீளம். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, தரைக்குப் பலகை, பின்னால் பெரிய கதவு. ஜன்னல் கிடையாது, எஞ்சின் கிடையாது. அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்குகிறார்கள். 72 சதுர அடி. நம் அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறை இரண்டைச் சேர்த்து வைத்த மாதிரி. இப்படி மாற்றிய வண்டிக்குத்தான் ‘கேம்பர்’ என்று பெயர்.

‘கார்கோ டிரெய்லர் கேம்பர்’ என்பதைக் கணினியிடம் கொடுத்தேன். ‘சரக்கு முன்னோட்டம்’ என்று தந்தது. சினிமா டிரெய்லர் என்று நினைத்துவிட்டது போல. ‘கேரவன்’ என்று மாற்றினேன். என் மகள் திரையை எட்டிப் பார்த்து, “உள்ளே எந்த நடிகர் இருக்கிறார்?” என்றாள். ‘வீட்டிலேயே செய்த’ என்று எழுதினால் முறுக்கு ஞாபகம் வருகிறது.

இன்னொரு சிக்கல் ‘டங் வெயிட்’. டிரெய்லரின் முன்கம்பி காரின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதற்குப் பெயர் அது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அங்கே இறங்க வேண்டுமாம். குறைந்தால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலாட்டும்; காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். மூன்றாம் பகுதி முழுக்க இதுதான். 100 லிட்டர் தொட்டியைப் பின்பக்கம் வைத்துவிட்டு அவஸ்தைப்படுகிறார்கள். ‘நாக்கு எடை’ என்று எழுதினால் பார்ப்பவர்கள் மருத்துவ நிகழ்ச்சி என்று நினைப்பார்கள்.

ஒரு வரிக்கு 38 எழுத்துதான் இடம். சொல் சுருக்கமாக இருக்கட்டும், தயவுசெய்து.

ஈசூன், செவ்வாய் காலை 5.15

அம்மா, சொல் இருக்கும்போது ஆக்குவானேன்? வண்டிக்குச் சகடம் இருக்கிறது. சகடவீடு என்று எழுதுங்கள். ஐந்தே எழுத்து.

கேரவன் வேண்டவே வேண்டாம். அது பாரசீகக் கார்வான். பாலைவனத்தில் ஒட்டகங்களோடு போகும் வணிகக் கூட்டம். நாம் தினமும் சொல்லும் ‘வேன்’ அந்தச் சொல்லின் அறுந்த வால்தான். அந்தக் கூட்டத்துக்கு நம்மிடம் சாத்து என்று அழகான சொல் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான். பெயரைப் பாருங்கள்: பெருஞ்சாத்தின் தலைவன். இன்றைய கணக்கில் சொன்னால் சரக்குப் போக்குவரத்து நிறுவன முதலாளி.

தெம்பனிஸ், செவ்வாய் காலை 7.02

ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஐயா, சகடம் வடமொழிச் சகடம்தானே? சாத்தும் ‘சார்த்த’த்திலிருந்து வந்தது என்றே அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். கேரவனை வாசலில் நிறுத்திவிட்டு இவர்களை மட்டும் உள்ளே விடுவது என்ன நியாயம்?

அதைவிட முக்கியம், என் உயர்நிலை இரண்டு மாணவர்கள் சகடத்தைச் ‘சங்கடம்’ என்று படிப்பார்கள். சங்கடவீடு! என் பரிந்துரை இழுவீடு. இழுத்துக்கொண்டு போகும் வீடு. வினைத்தொகை, இலக்கணம் சுத்தம், பையன்களுக்கும் புரியும்.

பிடோக், செவ்வாய் காலை 10.30

இழுவீடா? எனக்கு ‘இழவு வீடு’ என்று காதில் விழுகிறது. ஒரு புள்ளி பிசகினால் தொடர் முழுக்க ஒப்பாரி.

நான் மொழியறிஞர் இல்லை, ஓய்வுபெற்ற தாதி. ஆனால் சின்ன வயதில் காரைக்குடிப் பக்கம் பெரியம்மாவோடு கூண்டு வண்டியில் போயிருக்கிறேன். மூங்கில் வளைத்து மேலே பாய் போட்டிருக்கும், உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். ராத்திரி அதிலேயே தூக்கம். கட்டுச்சோறும் அதற்குள்தான். நீங்கள் சொல்லும் சாமானுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மாடு இல்லை, கார் இருக்கிறது. கூண்டுவண்டி என்று போடுங்கள், அல்லது கூண்டுவீடு.

தெம்பனிஸ், செவ்வாய் நண்பகல் 12.45

இழவு வீடு! அக்கா, இனி அதை வகுப்பில் சொல்லவே முடியாது. சரி, கூண்டுவீடு எனக்கும் பிடித்திருக்கிறது. ‘கேம்ப்’ என்பதை மட்டும் யாராவது ‘முகாம்’ என்று மாற்றிவிடாதீர்கள். நம் ஊரில் முகாம் என்றால் பள்ளி முகாம், இல்லாவிட்டால் தேசிய சேவைக்குப் போகும் ராணுவ முகாம்.

ஈசூன், செவ்வாய் மாலை 6.20

முகாம் அரபு வழி வந்தது, எனவே கேள்வியே இல்லை. தங்கும் இடத்துக்குப் பாடி என்றும் பாடிவீடு என்றும் சொன்னார்கள்.

சகடம் பற்றித் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வருகிறார்கள், உப்பு வணிகர்கள். அவர்களுடைய வண்டியை உருத்திரங்கண்ணனார் சக்கரத்திலிருந்து தொடங்கி வருணிக்கிறார். மேலே வேய்ந்த கூரை. கோழி அடைவதற்குக் கூடு. காடியில் ஊறிய பண்டம் வைத்த கலம், கயிற்றால் கட்டித் தொங்குகிறது. ஆடுகளத்து இசைக்கருவியை வாரால் இறுக்கிக் கட்டியிருப்பது போல என்று உவமை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாடுகளை ஓட்டுகிறாள். யோசித்துப் பாருங்கள்: சரக்கு வண்டி, அதையே வீடாக்கிக்கொண்ட குடும்பம், அடுக்களைச் சாமான் உருளாமல் கட்டிவைத்த தந்திரம். பொங்கோல் அம்மா சொன்ன அமெரிக்கத் தம்பதி இப்போது செய்வதை உமணர் அன்றே செய்துவிட்டார்கள். அதே பாட்டில் அந்த வண்டிக்குப் பெயர் சகடம் என்றே இருக்கிறது.

வடமொழி என்கிறார் தம்பி. இருக்கட்டும். ஏறத்தாழ 2,000 ஆண்டு குடியிருந்தவனை இன்னுமா நிரந்தரவாசியாக வைத்திருப்பது? குடியுரிமை கொடுங்கள்.

தெம்பனிஸ், செவ்வாய் மாலை 6.31

அப்படியானால் கேரவன், பஸ், லாரி எல்லாம் எந்த வரிசையில் நின்று விண்ணப்பிக்க வேண்டும் ஐயா? பஸ் வந்தே நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறதே.

ஈசூன், செவ்வாய் மாலை 6.44

பகடி வாதமாகாது.

பொங்கோல், செவ்வாய் இரவு 9.10

உமணர் பகுதியைப் படித்துவிட்டு அரைமணி நேரம் வேலையை மறந்து உட்கார்ந்திருந்தேன், நன்றி ஐயா. அந்தத் தொங்கும் கலம் அப்படியே நான்காம் பகுதியில் வருகிறது. வண்டி ஓடும்போது தட்டு, டப்பா எல்லாம் விழாமலிருக்க அலமாரிக்குக் குறுக்கே ரப்பர் கயிறு கட்டுகிறார்கள்.

ஆனால் மூன்று நாள்தான் இருக்கிறது. அத்துடன் டிரெய்லர் தனி, கேம்பர் தனி. முதலாவது சரக்கு ஏற்றும் பெட்டி, இரண்டாவது அது மாறிய வடிவம். ‘டிரெய்லரைக் கேம்பர் ஆக்குகிறோம்’ என்று வாய்க்கு வாய் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் ‘கூண்டுவண்டியைக் கூண்டுவண்டி ஆக்குகிறோம்’ என்று ஆகிவிடும்.

துவாஸ், புதன் அதிகாலை 2.20

இரவு ஷிஃப்ட் இடைவேளை. துறைமுகத்தில் 19 வருடமாக டிரெய்லரோடுதான் வாழ்க்கை. முன்னால் இழுப்பது பிரைம்மூவர், பின்னால் வருவது டிரெய்லர், மேலே உட்காருவது கண்டெய்னர். 20 அடி, 40 அடி. இங்கே சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷ்காரர், நாங்கள், எல்லாரும் டிரெய்லர் என்றுதான் சொல்கிறோம். மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. கண்டெய்னரை நம் செய்தியில் ‘கொள்கலன்’ என்று முதலில் கேட்டபோது ஊறுகாய் ஜாடி என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது நானே சொல்கிறேன். தஞ்சோங் பகாரில் முதல் கண்டெய்னர் கப்பல் 1972இல் வந்தது. சொல் பழக இவ்வளவு காலம்.

கூண்டு மட்டும் வேண்டாம் அக்கா. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் லாரிக்குப் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன். மழை என்றால் தார்ப்பாய். “கூண்டுல ஏறு” என்பான் மேஸ்திரி. அந்தச் சொல்லை உல்லாசமாகச் சுற்றுகிறவர்களின் வண்டிக்கு வைத்தால் எனக்கு என்னவோ போல இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்புறம் அந்த டங் வெயிட். அதற்குப் புதுச்சொல் எதற்கு? எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் பாரவண்டி ஓட்டியவர். நெல் மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் அடுக்கினால் ஏர்க்கால் மேலே தூக்கும், மாடு தொங்கும், அது பின்பாரம். “கொஞ்சம் முன்பாரம் இருந்தாத்தான் வண்டி சொன்னபடி கேக்கும்” என்பார். நீங்கள் எழுதிய 10, 15 விழுக்காடு அதேதான். அந்தக் கம்பிக்கு நாக்கு என்று ஏன் பெயர் வைத்தார்களோ, நமக்கு அது ஏர்க்கால்.

தோ பாயோ, புதன் காலை 8.00

நெறியாளராக அல்ல, சும்மா ஓர் உறுப்பினராகச் சொல்கிறேன்: முன்பாரம்! இந்தக் குழுவில் பத்து வருடத்தில் எதிர்ப்பே இல்லாமல் ஏறிய முதல் சொல் இதுவாகத்தான் இருக்கும். ஈசூன் ஐயாகூட இன்னும் வாய் திறக்கவில்லை.

ஈசூன், புதன் காலை 8.06

முன்பாரம் மிக நன்று. ‘பாரம்’ பற்றி ஒரு சிறு ஐயம் உண்டு. பிறகு எழுதுகிறேன்.

பிடோக், புதன் காலை 9.40

துவாஸ் தம்பி, நான் அதை யோசிக்கவில்லை. சாலையில் தினமும் பார்க்கிறேன், அந்த லாரிகளை. பாய் போட்ட வண்டிதான் என் கண்ணில் நின்றது. என் சொல்லை எடுத்துவிடலாம்.

தெம்பனிஸ், புதன் மாலை 4.15

அக்கா பின்வாங்க வேண்டாம். கூண்டுக்கு நூறு பொருள் இருக்கிறது. சாட்சிக் கூண்டு இருப்பதால் யாரும் கிளிக்கூண்டு என்று சொல்லாமல் இல்லையே. துவாஸ் அண்ணன் சொல்வதும் மனத்தில் தைக்கிறது. என்னால் எந்தப் பக்கமும் வாக்களிக்க முடியவில்லை.

இன்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரு மாணவி ‘வண்டிவீடு’ என்றாள். இன்னொருவன், “சார், எங்க தாத்தாவோட ஒன்பது பேரும் ஈஸ்ட் கோஸ்ட்ல ரெண்டு கூடாரம் போட்டு ராத்திரி தங்கினோம், அதுக்கே பெர்மிட் வாங்கணும். இந்த வண்டியை எங்க நிறுத்துவாங்க?” என்றான். கலைச்சொல்லைவிட நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

பொங்கோல், புதன் இரவு 10.55

வண்டிவீடு! எளிமையாக இருக்கிறதே. யாருக்காவது ஆட்சேபமா?

ஈசூன், புதன் இரவு 11.20

வண்டியும் வீடும் சமமாக நிற்கின்றன. வண்டியாகிய வீடா, வண்டியை வைக்கும் வீடா? பின்னது கராஜ். சகடவீட்டுக்கும் அதே குறை உண்டு என்று தம்பி உடனே சொல்வார். ஆனால் சகடம் பழஞ்சொல்லானதால் யாரும் அதை நிறுத்தி வைக்க நினைக்க மாட்டார்கள்.

மேலும் இணையம் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் ஊர் நா. கோவிந்தசாமி தந்தது. அன்று அதையும் புரியாது என்றவர்கள் இருந்தார்கள். புரிய வைப்பது பழக்கத்தின் வேலை.

தெம்பனிஸ், புதன் இரவு 11.26

இணையம் ‘இணை’யிலிருந்து வந்ததால் கேட்ட நொடியில் பாதி புரிந்தது ஐயா. சகடத்தில் அந்தப் பாதியும் இல்லை.

தோ பாயோ, வியாழன் மாலை 5.00

இப்போது நெறியாளராக. கடிதம் 41 ஆகிவிட்டது. ‘பாரம்’ தமிழா என்ற கிளையைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து வாக்கு: வண்டிவீடு 6, கூண்டுவீடு 4, சகடவீடு 1, கேம்பர் என்றே விட்டுவிடலாம் 3. இழுவீட்டை முன்மொழிந்தவரே கைவிட்டார். கார்கோ டிரெய்லருக்குச் ‘சரக்குப் பெட்டிவண்டி’ என்று ஒருவர் எழுதினார், மற்றவர்களுக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

‘மாற்றும் வேலை’க்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஊரில் லாரிக்குப் ‘பாடி கட்டுவது’ என்போம். ஈசூன் ஐயாவின் பாடிவீட்டையும் சேர்த்தால் ‘பாடிவீட்டுக்குப் பாடி கட்டினான்’ என்று எழுதலாம். சரி, சரி, நிறுத்திக்கொள்கிறேன். ‘உள்வேலை’ போதும், நம் தச்சர்கள் சொல்வதுதான்.

பொங்கோல், வெள்ளி காலை 8.52

அனுப்பிவிட்டேன். வண்டிவீடு, சரக்குப் பெட்டிவண்டி, உள்வேலை, ஏர்க்கால், முன்பாரம். துவாஸ் அண்ணா, மூன்றாம் பகுதியில் அவர்கள் தொட்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்தியதும் அவள் சிரித்துக்கொண்டே சொல்லும் வரி, ‘இப்போது முன்பாரம் சரி’. உங்கள் அப்பாவுக்குக் காட்டுங்கள்.

பொங்கோல், அடுத்த புதன் பகல் 2.30

திருத்தியவர் அனுப்பிய கோப்பு வந்தது. எல்லா இடத்திலும் ‘கேரவன்’. சரக்குப் பெட்டிவண்டி ‘டிரெய்லர்’ ஆகிவிட்டது. ஏர்க்கால் போய்விட்டது. முன்பாரத்தை மட்டும் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதையும் மாற்றிவிடுவார்.

துவாஸ், அடுத்த வியாழன் அதிகாலை 3.05

அப்பாவிடம் போனில் சொன்னேன். “தண்ணித் தொட்டியப் பின்னால யாருடா வப்பான்?” என்றார்.

ஈசூன், அடுத்த வியாழன் காலை 5.10

கேரவனே நின்றுவிட்டதென்றால் அதை இன்னொரு முறை பார்ப்பது நம் கடமை. பாரசீகக் கார்வான் என்று முன்பு எழுதினேன். இரவு உறக்கம் வராமல் யோசித்தேன். கார், வான். இரண்டும் தமிழ். கார்காலத்து வானம் பார்த்துப் புறப்படும் வணிகக் கூட்டம் என்று கொண்டால்

தோ பாயோ, அடுத்த வியாழன் காலை 5.14

ஐயா, இழையை மூடுகிறேன்.