12 மணி நேர டூட்டி, ஓவர்டைம் கிடையாது: கேட்க வழி உண்டா?

கேட்காவலன்:
ஒரு கிடங்கில் செக்யூரிட்டியாக இருக்கிறேன், ஏஜென்சி வழியாக. டூட்டி 12 மணி நேரம். மாதா மாதம் ஒரே தொகை. ஓவர்டைம் கேட்டால், "உட்கார்ந்துதானே இருக்கே, அதுக்கு என்ன ஓவர்டைம்?" என்கிறார் சூப்பர்வைசர். கேட்டில் நாற்காலியே இல்லை, அது வேறு கதை. சாப்பாட்டுக்கு என்று தினமும் ஒரு மணி நேரத்தைக் கழிக்கிறார்கள். ஆனால் கேட்டை விட்டு நகரக் கூடாது. ஒரு வாய் வைப்பதற்குள் லாரி ஹாரன் அடிக்கும்; கையைத் துடைத்துவிட்டு வண்டி எண்ணை எழுத ஓடணும். அந்த ஒரு மணி நேரம் என் கணக்கில் வராதா?

பழைய சங்கத்துக்காரர்:
வரணும் தம்பி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 30), முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம் என்கிறது. உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒன்றுதான். கேட்டை விட்டுப் போக முடியாதென்றால் அது ஓய்வே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். விட்டுவிட்டு நடக்கும் வேலை என்று காவலாளிகளுக்கு விதிவிலக்கு தரவும் அதே உடன்படிக்கை இடம் கொடுக்கிறது. சூப்பர்வைசர் தெரிந்தோ தெரியாமலோ பிடித்துத் தொங்குவது அதைத்தான். அந்த விலக்கை அரசு, தொழிலாளர் முதலாளி அமைப்புகளைக் கலந்து, விதியாகப் போட வேண்டும். ஏஜென்சி தானே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் நாட்டில் அப்படி விதி இருக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் உண்டு. அங்கே உள்நாட்டுச் சட்டம்தான் பேசும்.

கணக்குப்பிள்ளை:
அந்த உடன்படிக்கையில் ஓவர்டைமுக்குக் குறைந்தபட்சம் ஒன்றேகால் மடங்கு. 8 மணிக்கு மேல் 4 மணி என்றால் 12 மணி டூட்டிக்கு 13 மணிச் சம்பளம். இரட்டிப்பு தரும் நாட்டில் 16 மணிச் சம்பளம். எட்டு மணிக்கு மேல் உள்ளதை அப்படியே விழுங்குவதில்தான் பல ஏஜென்சிகளின் லாபமே. குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தால் வேறு எங்கிருந்து வரும்?

ரிலீவர்:
அண்ணே, நானும் இதே வேலைதான். கிடங்கு ரிஜிஸ்டரை நம்பாதீங்க, தேவைப்படும் நாளில் அது காணாமல் போகும். சொந்த நோட்டில் வந்த நேரம், மாற்று ஆள் வந்த நேரம் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்க. ரிஜிஸ்டரைப் படம் எடுக்காதீங்க, அதையே சாக்காக வைத்து அனுப்பிவிடுவார்கள்.

கேட்காவலன்:
நோட்டு இன்றைக்கே போடுகிறேன். சம்பளச் சீட்டு மட்டும் தருவதில்லை, தொகை வாட்ஸ்அப்பில் வருகிறது.

பழைய சங்கத்துக்காரர்:
அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். அப்புறம், பிடித்தம் எதற்கென்று வரிவரியாகக் கேட்டு, அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். போனில் பேச வேண்டாம்.