குடல் கசிவுக்கு மூன்று மாதப் பொடி தேவையா?

முக்கூடல்காரன்:
பீடி சுற்றும் என் அத்தைக்குச் சாப்பிட்டவுடன் வயிறு உப்புகிறது, சோர்வும் விடவில்லை. நெல்லையில் உள்ள ஓர் இயற்கை நல மையத்தில் இதை 'லீக்கி கட்' (குடல் கசிவு) என்று சொல்லி, கோதுமையை உடனே நிறுத்தச் சொன்னதோடு மூன்று மாதத்திற்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலப் பொடியும் கொடுத்திருக்கிறார்கள். நம்பிச் செலவு செய்யலாமா?

பாளை மருந்தாளுநர்:
வேண்டாம். குடலின் உட்சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளர்ந்தால் ஊடுருவல் கூடும் என்பதும், சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்), குரோன் (குடலில் நாள்பட்ட அழற்சி) நோய்களில் அவ்வாறு நடக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் உப்புசம் முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டி, அதைத் தனி நோயாக்குவதற்கு ஆதாரம் இல்லை.

அம்பை வாசகி:
அண்ணாச்சி, அந்த இணைப்புகளைத் தளர்த்தும் சோனுலின் என்ற புரதத்தை அலெசியோ ஃபசானோவின் குழு 2000-ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டது. நோயாளி சொல்லும் தொந்தரவுக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடுவது முறையா?

பாளை மருந்தாளுநர்:
தொந்தரவைத் தள்ளவில்லை, காரணத்தைத்தான் கேட்கிறேன். சோனுலினைத் தடுப்பதற்கென உருவாக்கிய லாரசோடைடு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையே, அதுவும் சீலியாக் நோயாளிகளிடம், 2022-இல் கைவிடப்பட்டது. முக்கூடல் தம்பி, அத்தை வலி மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறார்களா?

முக்கூடல்காரன்:
நாள் முழுவதும் குனிந்தே இலை வெட்டிச் சுற்றுவதால் இடுப்புவலி உண்டு. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி, பெரும்பாலும் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கிவிடுவார்கள்.

பாளை மருந்தாளுநர்:
அந்த வகை மாத்திரைகள் குடலின் ஊடுருவலைக் கூட்டும். சிறுகுடலில் புண் உண்டாக்கி, வெளியே தெரியாமல் இரத்தம் கசியவும் செய்யலாம். சோர்வுக்கு அதனால் வந்த இரத்தசோகையே காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காட்டினால் பொடிக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

அம்பை வாசகி:
அப்படியானால் கசிவு இருக்கிறது என்று தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

பாளை மருந்தாளுநர்:
விளைவாக இருக்கலாம் என்கிறேன். மாத்திரை தொடரும்வரை எந்தப் பொடியும் அதை அடைக்கப்போவதில்லை. இன்னொன்று, சீலியாக் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால், நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அந்த மையம் செய்த பெரும்பிழை இதுதான்.

அம்பை வாசகி:
சீலியாக் இல்லை என்று வந்த பிறகும், கோதுமையை விட்டதால் உப்புசம் தணிந்தால்?

பாளை மருந்தாளுநர்:
பெருங்குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் கோதுமையில் இருக்கிறது. அது குறைந்ததன் பலனாக இருக்கலாம். அதே ஃபிரக்டான் சொதியில் போடும் சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு என்பதை அந்த மையத்தில் சொன்னார்களா?